எருமையின் எல்.எல்.ஆர். படிப்பு

மறுநாள் எருமைக்கு எல்.எல்.ஆர். பரீட்சை. போன தடவை ஃபெயிலானதால் இந்தத் தடவை விடுவதாக இல்லை. வெயில் தாழ்ந்தும் தார் ரோடு கதகதப்பாக இருந்தது. அதன் நடுவிலேயே சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. முதுகில் உட்கார்ந்திருந்த கொக்கு கேள்வி கேட்டது.

"அண்ணே, ரோட்டுல வெள்ளைப் பட்டை மேல ஆளுங்க நடந்தா?"

"அவங்க கடக்குற வரைக்கும் நிக்கணும்."

"பின்னால வர்ற வண்டி ஹாரன் அடிச்சா?"

"ஓரமா ஒதுங்கி வழி விடணும். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"நாளைக்கு நீங்க பாஸுண்ணே!"

எருமை பூரித்துப்போய் அசைபோட்டது. பின்னால் ஒரு பஸ் வெகுநேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த டிரைவர்கிட்ட சொல்லிட்டு வா," என்றது எருமை. "இங்க ஒருத்தன் பரீட்சைக்குப் படிக்கிறான்னு."