வரிசையில் முதல் ஆள்

லிமாவில் அதிபர் தேர்தல். வாக்குச்சாவடி வாசலில் யாருமே வரிசையில் முதலாவதாக நிற்க விரும்பவில்லை. யோலிமார் மட்டும் ஓடிப்போய் நின்றாள்.

“பைத்தியமா தங்கச்சி?” என்றாள் பின்னால் நின்ற நெலிடா. “தேர்தல் வேலைக்கு ஆள் வரலைன்னா, முதல்ல நிக்கிறவங்களைப் புடிச்சு நாள் பூரா உக்கார வச்சிருவாங்க.”

“வைக்கட்டுமேக்கா! அதுக்குத்தானே இவ்வளவு சீக்கிரம் வந்தேன்.”

“நல்லா இருக்கு! ஓட்டுப் போடாட்டி அபராதம்னு மட்டும் இல்லைன்னா நான் இந்நேரம் தூங்கிட்டிருப்பேன்.”

அதிகாரி வந்தார். “ஒரு ஆள் குறையுது. உங்க அடையாள அட்டையைக் குடுங்கம்மா.”

யோலிமார் ஆசையாக நீட்டினாள்.

“வெனிசுலாவா? வெளிநாட்டுக்காரங்களுக்கு இந்தத் தேர்தல்ல ஓட்டே கிடையாதேம்மா. அடுத்த ஆள் வாங்க!”

முனகிக்கொண்டே வாக்குச்சாவடி மேசையில் உட்கார்ந்த நெலிடா, வீட்டுக்குக் கிளம்பிய யோலிமாரை வயிறெரியப் பார்த்தாள்.

‘கொடுத்துவைத்தவள்!’

வாசலில் நின்று திரும்பி, நெலிடாவின் நாற்காலியைப் பார்த்த யோலிமாரும் அதையேதான் நினைத்தாள்.