மூங்கிலரிசி வயசு

தசரதன் மாமாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, கொரோனா சமயத்தில் நடந்த தேர்தல் அன்றைக்கு. எங்கள் மலையிலிருக்கும் புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு வெளியே வந்துகொண்டிருந்தார்.

ஜீப் ஓட்டும் ராஜேந்திரன் அவரைப் பார்த்ததும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினான்.

"இன்னா பெருசு, கேசு போட்டு ஜெயிச்ச ஆளாச்சே நீ. கோர்ட்டு உன் வூட்டுக்கே ஓட்டுப்பொட்டி அனுப்புச்சு. அத வுட்டுட்டு இம்மாந் தூரம் நடந்து வந்துக்கிற?"

"நடக்க முடியுது. வந்தேன்."

"நடக்க முடியலன்னுதானே கேசு?"

"எம்பது ஆச்சுன்னு கேசு. காலப் பத்தி நான் எங்க பேசுனேன்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

எண்பது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்று அந்த வருஷம் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியாள் யார் வந்தாலும் ஊர்க்கவுண்டர் ஒருவர்தான் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முன்னே அடையாள அட்டைக்கு எழுத வந்தவர்கள் ஆளாளுக்கு வயசு கேட்டபோது, அன்றைய கவுண்டர், "நரைச்ச தலைக்கெல்லாம் ஐம்பதுன்னு போட்டுக்குங்க" என்று முடித்துவிட்டார். அன்று முதல் எங்கள் ஊர்க் கிழவர்களுக்கெல்லாம் ஒரே வயசு. அட்டைப்படி யாருக்கும் எண்பது ஆகவில்லை.

மாமா வாணியம்பாடி வக்கீல் இல்யாஸைப் பிடித்தார். விசாரணை, வக்கீல் ஆபீஸில் கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. துணைக்குப் போன நான் பின்னால் நின்றேன்.

"உங்க வயசுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் நீதிபதி.

"மூங்கிலரிசி ரெண்டு தபா தின்னுக்கிறேன், சாமி."

"புரியலையே."

"மூங்கிலு நாப்பது அம்பது வருசத்துக்கு ஒருக்காதான் பூத்து அரிசி வுடும். மொத தபா பூத்தப்ப நான் ஆடு மேய்ச்சுக்கினு இருந்த பையன். ரெண்டாந் தபா பூத்தப்ப பேரன் எடுத்துட்டேன்."

 நீதிபதி, மலைக்கு டாக்டரை அனுப்பி வயசு பார்க்க வேண்டும், எண்பது தாண்டியவர் அந்த ஊரில் யாராக இருந்தாலும் தபால் ஓட்டுக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அதற்குள் மாமா எத்தனையோ தடவை ஜீப்பில் மலை இறங்கி ஏறிவிட்டார். அவர் மரத்தில் புளி உலுக்காமல் கிடந்தது. ஒரு ஓட்டுக்காகக் கீழேயிருந்து ஆட்களை வரவழைத்து ஊருக்கு நோயைக் கொண்டுவரப் போகிறான் என்று ஊர்க்காரர்கள் அவர் வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் டாக்டர் வந்து, எண்பது தாண்டியவர்கள் இரண்டு பேர்தான் என்று எழுதினார். ஓட்டு அதிகாரிகளும் வந்தார்கள். மாமா, "எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் தபால் ஓட்டுப் போட்டது ராஜாக்கண்ணு மாமா ஒருவர்தான்.

ராஜாக்கண்ணு அவருக்குப் பங்காளி. வரப்பில் நின்ற ஒரு பலா மரத்துக்காக இரண்டு பேருக்கும் வெகு காலமாகப் பேச்சு கிடையாது. ராஜாக்கண்ணு இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தார். மற்ற சமயமென்றால் டோலி கட்டித் தூக்கி வந்திருப்பார்கள். அந்த வருஷம் தோளோடு தோள் சேர்ந்து தூக்க யாரும் தயாரில்லை.

"நீ எறச்ச தண்ணி உன் பங்காளி கொல்லைக்குப் பாஞ்சுடுச்சு" என்று அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் ராஜேந்திரன் சொன்னான்.

"பாஞ்சா பாயட்டும்" என்று சொல்லிவிட்டு மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள, தனியா இன்னா ஆக்கித் தின்ற?"

"சாமைக் களிதான் மாமா."

"உப்புப் போட்டு ஆக்கு. உன் பொண்டாட்டி போனதுலேர்ந்து பாதி நாளு நீ மறந்துடுற."

ஏற்றத்தில் மெதுவாக நடந்து போனார்.

அடுத்த மாதம் மூச்சு முட்டுகிறது என்று கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உடம்பை மேலே கொண்டுவர விடவில்லை.

மழை விட்ட பிறகு வக்கீல் இல்யாஸ் துக்கம் கேட்க வந்தார். மாமாவின் வீடு பூட்டிக் கிடந்ததால் என் வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களை அவ்வளவு அலைய விட்டுட்டு, கடைசியில நடந்து போய்ப் போட்டாருங்க. வீம்பு" என்றேன்.

வக்கீல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேசு யாருக்காகன்னு உங்ககிட்டகூட சொல்லலையா?"

"அவருக்காகத்தானே?"

"'ராஜாக்கண்ணு பேர்ல போட்டா அவன் கைநாட்டு வைக்க மாட்டான். என் பேர்ல போடு, அவனுக்கும் சேர்த்து வாங்கு'ன்னார். அவனுக்குத் தெரியவே கூடாதுன்னும் சொன்னார்."

என்னால் நம்ப முடியவில்லை. "ராஜாக்கண்ணு மாமா எப்பவும் இவரு சின்னத்துக்கு எதிராத்தானே போடுவாரு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'ஆமா, ரெண்டு பேரும் போட்டா ரெண்டும் கழிஞ்சுபூடும். ஆனா அவன் படுத்துக் கெடக்கறப்ப நான் மட்டும் போட்டு ஜெயிச்சா, அது ஒரு ஜெயிப்பா வக்கீலு?'ன்னார்."

ராஜாக்கண்ணு மாமா இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். அடுத்த தேர்தலுக்கும் அவர் வீட்டு வாசலுக்கு ஜீப் வந்தது; ஓட்டுப் போட்டார். அதைக் கழிக்கத்தான் ஆள் இல்லை.