பதினேழாம் எலி

பிஷ்கெக் ஆய்வகத்தில், புதிதாய்ப் பிறந்த பெண் எலிக்குட்டிகளுக்கு ஆண் ஹார்மோன் ஊசி போடுவது பெர்மெட்டின் வேலை. வளர்ந்தபின் அவை ஆண் எலிகளைப்போல நடந்துகொள்ளும். குட்டிகளைத் திரும்பியும் பார்க்காது. பதினேழாம் எலி மட்டும், கூண்டில் விட்ட வேற்றுக் குட்டிகளைக் கவ்விவந்து நக்கிக்கொடுத்தது. ஆய்வு முடிவு கெட்டுவிடும் என்று, “குட்டிகளைக் கவனிக்கவில்லை” என நோட்டில் எழுதிவிட்டுப் பெர்மெட் அதைக் கொன்றாள்.

மறுநாள் உதவியாளர் ஜிப்பார் கூப்பிட்டாள். “அக்கா, பதினேழாம் கூண்டுல குட்டிங்கள நீங்களா வச்சீங்க?”

எலி செத்தபின் காலியாகப் பூட்டிவைத்த அந்தக் கூண்டில் எட்டுக் குட்டிகள் நக்கிய ஈரத்தோடு கிடந்தன.

“அந்தப் பதினேழாம் எலி குட்டிங்கள சீண்டவே இல்லைன்னுதானே எழுதியிருக்கீங்க! நீங்க எழுதினா தப்பா இருக்குமா?” என்றாள் ஜிப்பார்.

பெர்மெட்டுக்கு முகம் எரிந்தது. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, “பொய் எழுதினேன்” என்று எழுதினாள்.

கூண்டின் ஓரத்துக்கு நகர்ந்திருந்த ஒரு குட்டி, கழுத்துத் தோல் மட்டும் மேலெழ, அந்தரத்தில் மிதந்து மற்றவற்றிடம் போய்ச் சேர்ந்தது.