மாவுக்கட்டு

சிறைக்குள் யாருக்குக் கை ஒடிந்தாலும், யார் உயிர் போனாலும், அரசுக்காக எழுந்து நின்று ‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லிச் சொல்லியே மூத்த அரசு வழக்கறிஞர் மகுடபதிக்குத் தலை நரைத்துவிட்டது. குரல் மட்டும் ஒருநாளும் நடுங்கியதில்லை. அன்று வலது கையில் மாவுக்கட்டோடு உயர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். ஜெயிலில் செத்துப்போன மகனுக்காக வழக்குப் போட்டிருந்த செல்லக்கிளியின் முறை வந்ததும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி அந்த மாவுக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வழக்கைத் தள்ளிவைத்தார். வெளியே தாழ்வாரத்தில் செல்லக்கிளி அவரை வழிமறித்தாள். மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்றுதான் நினைத்தார். அவளோ கட்டுப் போட்ட கையை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

“கைக்கு என்னாச்சுங்கய்யா?”

முந்தின நாள், அவர் வீட்டில், சோப்புத் தண்ணீரில், நிஜமாகவே நடந்தது அது. சொல்ல வாயெடுத்தபோது முதல்முறையாக அவருக்கு நாக்குக் குழறியது.

“பாத்ரூம்ல... வழுக்கி விழுந்துட்டேம்மா.”

அவள் முகம் மாறிவிட்டது. தூணருகே நின்ற போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பயப்படாம சொல்லுங்கய்யா. யாரு அடிச்சது?”