மற்ற நாலு வயர்

"தம்பி, நீர் சரியான பஞ்சிக்காரன். சுவரிலை இருக்கிற ஒரு சொக்கற்றைக் கழட்டிப் பார்க்க உமக்கு இவ்வளவு யோசினையோ?" என்றாள் தயாளினி.

இன்ரநெட் லைன் பார்க்க வந்த றியாஸ் தலையைச் சொறிந்தான்.

"கழட்டத் தேவையில்லை அக்கா. லைன் நல்லாத்தானே ஓடுது."

"எங்கை ஓடுது? முன் ஹோலிலை கொழுவினா ஸ்பீட் முந்நூறு காட்டுது. அதே கொம்பியூட்டரை இந்தத் தையலறையிலை கொழுவினா தொண்ணூறு. மிச்சம் காத்திலை போகுதோ?"

ரோட்டிலிருந்து வரும் பைபர் லைன் முன் ஹோல் பெட்டியோடு நின்றுவிடும். அதிலிருந்து தையலறைக்கு வருவது செப்பு வயர். பழுதென்றால் அதில்தான் என்பது தயாளினிக்கே விளங்கிவிட்டது. படிச்ச பொடியனுக்கு விளங்கவில்லையாம்!

"போன கிழமை ரொறன்ரோப் பிள்ளை ஒண்டுக்கு வீடியோவிலை சாறிச் சட்டையைக் காட்டிக்கொண்டு நிக்கிறன், படம் அப்பிடியே நிண்டுட்டுது. நான் வாயைப் பிளந்துகொண்டு நிண்டதைத்தான் அவள் கனநேரம் பார்த்தவளாம்."

றியாஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"மழைக்காலத்திலை செப்பு வயர் கொஞ்சம் அப்பிடித்தான் அக்கா."

"வெளியிலை வெயில் மண்டையைப் பிளக்குது. மழைக்காலமாம்! விடும், நானே கழட்டிறன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அவனுடைய பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கழட்டியே விட்டாள்.

உள்ளே நூல் மாதிரி எட்டு வயர். செம்மஞ்சளும் பச்சையுமாக நாலு, ஒழுங்காகச் சொக்கற்றில் இருந்தன. நீலமும் மண்ணிறமுமான மற்ற நாலும் வேறொரு வயரோடு முடிச்சுப் போட்டு, சுவரில் ஒரு ஓட்டைக்குள்ளால் வெளியே போயின.

யன்னலால் எட்டிப் பார்த்தாள். வயர் சுவரோடு இறங்கி, வேலிக்குள் புகுந்து, அடுத்த வீட்டு வளவுக்குப் போயிருந்தது.

அடுத்த வளவு உதயகலாவின் வளவு. வேலிக் கதியாலைத் தள்ளி நட்டதென்று இரண்டு வீட்டுக்கும் வந்த சண்டையில், அவளோடு முகம் பார்த்துக் கதைத்தே இரண்டு வருசம்.

"கள்ளி! காணி பிடிச்சது காணாதெண்டு இப்ப லைனையும் பிடிச்சிருக்கிறாள்!"

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. நான் சொல்லுறதை..."

"நீர் வாயைப் பொத்தும். தெரிஞ்சுகொண்டுதான் உவ்வளவு நேரமும் மழுப்பினனீர்."

துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் பாய்ந்தாள். வேலியடியில் குந்தி, வயரை இழுத்துக் கத்தரிக்கோலுக்குள் வைத்தும் விட்டாள்.

அப்போதுதான் வேலி இடுக்கால் அந்தக் கூத்தைக் கண்டாள்.

முற்றத்தில் உதயகலா ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கி, அது கூவிவிடாமல் சொண்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேவல் முழிபிதுங்கியது. அவள் அதைவிட.

அறைக்குள் அவளுடைய மகள் கஜந்தினி, மேலே கோயிலுக்குப் போகிற சட்டையும் கீழே வீட்டுப் பாவாடையுமாகக் கொம்பியூட்டருக்கு முன்னால். தகப்பன் இல்லாத பிள்ளை. ரியூசன் குடுத்தும் தாயோடு வெங்காயம் நறுக்கியும் படித்தவள்.

"உங்களை எடுக்கிறதெண்டுதான் யோசிக்கிறம்," கொம்பியூட்டருக்குள் ஒரு குரல். "ஆனால் வீட்டிலையிருந்து செய்யிற வேலை. உங்கடை ஊரிலை லைன் ஒழுங்கா இருக்குமோ? நடுவிலை அறாதோ?"

"ஒருநாளும் அறாது சேர்," என்றாள் கஜந்தினி.

தயாளினியின் விரல்கள் கத்தரிக்கோல் வளையத்துக்குள்ளேயே நின்றன. இந்தா, ஒரு அமத்து. வேலையும் போகும், பிள்ளை பொய்காரியும் ஆவாள்.

அங்காலை சேவல் துள்ளியது. உதயகலா கண்ணை மூடிக்கொண்டு அதை இன்னும் இறுக்கினாள்.

தயாளினி வயரை மெல்ல மண்ணில் வைத்தாள். போதாதென்று மேலே இரண்டு சருகையும் இழுத்துப் போட்டுவிட்டு எழும்பி வந்தாள்.

"மூடும்."

"என்னத்தை அக்கா?"

"சொக்கற்றைத்தான். வேறை என்னத்தை?"

றியாஸ் அவளை ஒருமாதிரிப் பார்த்தான். "அப்ப தொண்ணூறு?"

"தொண்ணூறு காணும். நான் என்ன ரொக்கற்றோ விடப்போறன்?"

அவன் திருகாணியை இறுக்கத் தொடங்கினான். தயாளினிக்கு இப்போதுதான் வேறொரு பயம் பிடித்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, எங்கடை இவருக்கு மட்டும் இது தெரியப்படாது. சுன்னாகம் சந்தையிலை கேட்டுப் பாரும், கோவம் வந்தா மனுசன் என்ன செய்யுமெண்டு. வேலிச் சண்டையிலை அந்தப் பக்கத்துத் தண்ணிகூட வாயிலை படாதெண்டு சத்தியம் பண்ணின ஆள். கேட்டா, வயர் பழுது, சாமான் கொழும்பிலையிருந்து வரோணுமெண்டு சொல்லும்."

அவ்வளவு நேரம் அடக்கிய சிரிப்பு றியாஸை மீறிக்கொண்டு வந்துவிட்டது.

"என்ன பல்லைக் காட்டிறீர்?"

"அக்கா, இந்த ஓட்டையைத் துளைக்கச் சொன்னதே உங்கடை மனுசன் சுதாகரண்ணைதான். நீங்கள் கலியாண வீடொண்டுக்குப் போன அண்டு என்னைக் கூப்பிட்டுச் செய்விச்சவர். கடைசியா என்ரை இரண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு சொன்னவர்: 'தம்பி, எங்கடை மனுசிக்கு மட்டும் இது தெரியப்படாது. அவள் நெஞ்சிலை ஈரம் இல்லாதவள். தெரிஞ்சா வயரோடை சேர்த்து என்னையும் வெட்டிப்போடுவாள்!'"