ஹம்தான் கொழுந்து

"போயும் போயும் அந்த ஹிஸாமையா கூப்பிட்டீங்க?" சமையலறை வாசலில் நின்று மனைவி பல்லைக் கடித்தாள்.

"நான் எங்கே கூப்பிட்டேன்? வழியில பார்த்தாராம், சம்பந்தி கையோட இழுத்துட்டு வந்துட்டார்."

முக்பில் அப்படியே சுவரில் சாய்ந்தார். காலையிலிருந்து அலைந்த கால் கெஞ்சியது. இன்றைக்குப் போய் இந்த ஆளா?

மகனுக்குக் கல்யாணத் தேதி குறிக்கப் பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள். பெண்ணின் அப்பா முஸன்னா, வெற்றிலை போல மென்று கிறங்குகிற காத் இலையில் ஹம்தான் மலைச் சரக்கைத் தவிர வேறெதையும் கன்னத்தில் அதக்காதவர். "எங்க வீட்லயும் ஹம்தான்தான்" என்று முக்பிலும் ஒரு ஜம்பத்தில் சொல்லித் தொலைத்திருந்தார். சம்பளம் வராத வாத்தியாருக்கு வாய் மட்டும் நீளம்.

சந்தையில் விலையைக் கேட்டதும் ஜம்பம் இறங்கிவிட்டது. மட்டமான சரக்கை வாங்கி வந்து, அவசரமாக ஒரு தரம் அலசி, ஹம்தான்காரர்கள் கட்டுகிற மாதிரியே நுனி மேலே தெரிய மறுபடி கட்டி, ஈரத் துணியில் சுற்றி வைத்தார்.

சம்பந்தி கண்ணில் மண்ணைத் தூவிவிடலாம். ஹிஸாம் நாக்கில் தூவ முடியுமா? ஒரே ஒரு இலையை மென்றுவிட்டு, எந்தத் தோட்டம், கிணற்றுத் தண்ணீரா மழைத் தண்ணீரா என்று சொல்கிற ஆள். அதையும் சபை நடுவில்தான் சொல்வார். போன மாதம் ஒரு நகைக்கடைக்காரர் வீட்டில், "இது ஆட்டுக்குப் போடுற தழை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர். சனா நகரமே சிரித்தது.

மாடி அறையில் வழக்கு ஏற்கெனவே சூடு பிடித்திருந்தது.

"சிவப்பு நுனிதான் உசத்தி!" என்றான் பெண்ணின் அண்ணன்.

"சிவப்பு தூக்கத்தைக் கெடுக்கும், பச்சை பேச்சை வளர்க்கும்" என்றான் முக்பிலின் மச்சான் ராஜிஹ்.

"உனக்குப் பச்சை எதுக்கு? சும்மாவே நிறுத்த மாட்டியே!"

சிரிப்புக்கு நடுவே முக்பில் கட்டுகளைக் கொண்டுவந்தார். கீழே வைக்கக்கூட விடவில்லை.

"இப்படிக் குடு" என்று ஹிஸாம் மொத்தத்தையும் வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார். அவரே பிரித்தார். ஒவ்வொரு கிளையாகப் புரட்டிப் பார்த்து, நுனியைக் கிள்ளி சம்பந்திக்கும் அவர் பிள்ளைகளுக்கும் வீசினார். மதிக்கிறவருக்குக் கொழுந்தை வீசுவது வழக்கம்தான். ஆனால் அது வீட்டுக்காரன் செய்ய வேண்டிய மரியாதை. விருந்தாளிக்கு என்ன வேலை?

கடைசியாகத் தானும் ஓர் இலையை வாயில் போட்டார். எல்லார் கண்ணும் அவர் வாயில்.

"முக்பில், இதை யார்கிட்ட வாங்கினே?"

"ஏ... ஏன் அண்ணே?"

"மழைத் தண்ணி மட்டுமே குடிச்ச கிழட்டு மரம்யா இது! ஹம்தான்ல இதுக்கு மேல மரமே கிடையாது."

முஸன்னா மென்றபடி புருவத்தைச் சுருக்கினார். "கொஞ்சம் கசக்குதே?"

"கிழட்டு மரம் கசக்கத்தான் செய்யும். இனிக்கணும்னா திராட்சை தின்னுங்க."

"அதானே பார்த்தேன்! இந்தக் கசப்பு ஹம்தானுக்கு மட்டும்தான் வரும்" என்று முஸன்னா உடனே தன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

முக்பிலுக்குப் போன உயிர் திரும்பியது. உயிரோடு கூடவே ஓர் இளக்காரமும் வந்தது.

ராஜிஹ் காதருகே குனிந்தான். "இவ்வளவுதானா மச்சான் இவர் நாக்கு? இதுக்கா ஊரே நடுங்குச்சு?"

"பேருதான் பெத்த பேரு!" முக்பில் உதட்டைப் பிதுக்கினார்.

"மடியைப் பாருங்க. மிச்சக் குவியலை யாருக்கும் தராம தானே அள்ளி அள்ளிப் போட்டுக்கறார். ஓசின்னா அப்படி!"

ஹிஸாமின் கன்னம் பந்தாகப் புடைத்திருந்தது.

பெருநாள் முடிந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று. பொழுது சாய்ந்தது. அந்தி வந்தால் சபையில் பேச்சு தானாக அடங்கிவிடும், ஆளாளுக்குத் தன் யோசனையில் மூழ்கிவிடுவார்கள். முக்பில் மட்டும் சுவரில் தலையைச் சாய்த்து, எப்போது எல்லாரும் கிளம்புவார்கள், எப்போது படுக்கலாம் என்று காத்திருந்தார். பொய்யைக் காவல் காப்பது பெரிய அலுப்பு.

பாங்கு கேட்டதும் சம்பந்தி கட்டித் தழுவி விடைபெற்றார். "ஹம்தான் வெச்சு எங்களை கௌரவப்படுத்திட்டீங்க!"

கடைசியாக ஹிஸாம் இறங்கி வந்தார். முற்றத்துக் குழாயில் வாயைக் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார். முகம் வெளிறியிருந்தது.

முக்பிலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இவ்வளவு பிடிச்சிருக்கே அண்ணே, இன்னும் ஒரு கட்டு இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?"

ஹிஸாம் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, முக்பிலின் தோளில் கை வைத்தார்.

"அதைத் தூக்கி எறிஞ்சிடு தம்பி. ரோட்டோரத் தோட்டத்துச் சரக்கை ஒரு தரம் அலசினா போதாது, பூச்சிமருந்து போகாது. சுத்தமா இருந்த நுனியை மட்டும் பொறுக்கி அவங்களுக்குப் போட்டுட்டேன்..."

குமட்டலை அடக்கிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தார்.

"மீதியை வேற யார் கையிலயும் படவிடாம நானே மென்னுட்டேன்."