அப்படியேதான் இருக்கும்

"தாலியக் கழட்டிருங்கம்மா. தங்கம், தகரம் எதுவும் மேல இருக்கக் கூடாது."

ஸ்கேன் அறை வாசலில் நின்ற நர்ஸ் சொன்னதும் சோலையம்மாள் புருஷனைப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதே கூத்துதான். கல்லீரலில் புற்றுக்கட்டி. அதற்கு மாத்திரை சாப்பிடுகிறாள். மாத்திரை கேட்கிறதா இல்லையா என்று இந்த எம்ஆர்ஐ மெஷின்தான் சொல்ல வேண்டும். இதுவரை அது ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

மொக்கையன் எழுந்து, அவள் பின்னால் நின்று தாலிக் கயிற்றைக் கழற்றினான். விரல்கள் தடுமாறின.

"என்னங்க, கை இப்படி நடுங்குது?"

"திருமங்கலத்துல இருந்து பஸ் கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டே வந்தேன்ல. தோள்பட்டை கழண்டுபோச்சு." இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். கிடைத்த ஒரே சீட்டில் அவளைத்தான் உட்கார வைத்திருந்தான்.

தாலியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான். முதல் தடவை நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டியபோதே, "கட்டுனவன் நான், காவலும் நான்தான்" என்று சொல்லிவிட்டான். அவள் வெளியே வரும்வரை அந்தக் கை திறக்காது. வந்ததும் அவனேதான் கட்டிவிடுவான்.

"சீக்கிரம் வா. நமக்கு இது எத்தனாவது கல்யாணமோ!"

சோலையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரை தின்று தின்று உள்ளங்காலெல்லாம் வெடித்துக் கிடந்தது. சோறு வாயில் மண்ணாக இருந்தது. இத்தனையும் பட்டு, போன தடவையும் டாக்டரம்மா "அப்படியேதான் இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டாள். அன்றோடு சோலையம்மாளுக்கு நம்பிக்கை விட்டுப்போனது.

"போதுங்க. மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒங்களுக்கு முன்னாடி பூவும் பொட்டுமாப் போய்ச் சேந்துட்டா அது போதும் எனக்கு."

"அப்ப நான் என்ன செய்ய? பேசாம உள்ள போடி."

அதட்டத்தான் பார்த்தான். கெஞ்சலாகத்தான் வந்தது.

உள்ளே மெஷின் தடதடவென்று இடித்தது. மூச்சை இழு, அடக்கு, விடு என்றார்கள். கையில் ஊசி வழியாக ஏதோ மருந்து ஏறியது. சோலையம்மாள் சாமியைக்கூடக் கூப்பிடவில்லை. ஒரு கஞ்சி வைக்கக்கூடத் தெரியாத இந்த மனுசன், நாம் போனபிறகு யார் வீட்டு வாசலில் போய்த் தட்டேந்தி நிற்பான் என்பதே நெஞ்சை அறுத்தது.

முடிந்ததும் டாக்டர் ரோகிணி அவளைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"கட்டி அதே அளவுதாம்மா இருக்கு."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க, முழுசாக் கேளுங்க. ஊசியில ஒரு மருந்து ஏத்துனோம்ல, அது ரத்தம் ஓடுற இடத்தை வெளிச்சமாக் காட்டும். போன தடவை கட்டி பூராவும் வெளிச்சம். இப்பப் பாருங்க, ஒரே இருட்டு. வெளியில பாக்க அப்படியேதான் இருக்கும். ஆனா உள்ள உசிரு இல்ல. மாத்திரை நல்லாவே கேக்குது."

"அப்ப... நான் பொழச்சுக்குவேனா தாயி?"

"மாத்திரைய விடாம சாப்பிடுங்க. இன்னும் ரொம்ப நாள் இருப்பீங்க."

வெடித்த கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. சோலையம்மாள் வெளியே ஓடினாள்.

மொக்கையன் அதே நாற்காலியில், அதே சுவரில் சாய்ந்து, மூடிய கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க! கட்டி செத்துப்போச்சாம்! நான் இப்பச் சாக மாட்டேனாம்! நீங்க யாரு வாசல்லயும் நிக்க வேணாம்..."

அழுகையும் சிரிப்புமாக அவனுக்கு முதுகைக் காட்டிக் கீழே உட்கார்ந்தாள். கொண்டையைத் தூக்கிப் பிடித்து வெறுங்கழுத்தை நீட்டினாள்.

"கட்டுங்க சீக்கிரம். எல்லாரும் பாக்குறாக."

காத்திருந்தாள். கை வரவில்லை.

அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் அவன் முகத்தைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாலியை எடுத்தவள், அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.